மொரீசியஸ் தீவின் விடுமுறை நாட்கள்

மொரீசியஸ் நாட்டில் ஆண்டுக்கு 15 நாட்கள் அரசு விடுமுறை. ஜனவரி 1, 2 ஆகிய இரு நாட்களும் புத்தாண்டு. அதன்பின் தைப்பூசக் காவடி, பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிப்பு நாள், சீனர்களின் வசந்த விழா, மகா சிவராத்திரி, மார்ச் 12 தேசிய நாள், தெலுங்கர்களின் யுகாதி, ரம்ஜான், மே நாள், கத்தோலிக்கத் திருநாள் ஒன்று, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, நவம்பர் 2 அன்று ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நாள், கடைசியாகக் கிறிஸ்துமஸ். மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள இந்த நாட்டின் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் பன்னிரண்டரை லட்சம். தமிழகத்தின் ஒரு மாவட்டத்தைவிடச் சிறிய இடத்தில் இத்தனை திருநாட்கள் எப்படி ஒன்றுசேர்ந்தன என்பதற்கு விடை தீவின் குடியேற்ற வரலாற்றில் இருக்கிறது.

மொரீசியசுக்குப் பூர்வகுடிகள் இல்லை. இன்று அங்கு வாழும் எல்லோருடைய முன்னோரும் கப்பலில் வந்தவர்களே. 1598இல் டச்சுக்காரர்கள் வந்து 1710இல் விட்டுப் போனார்கள். 1715 முதல் 1810 வரை பிரெஞ்சு ஆட்சி. பின்னர் 1968 வரை ஆங்கிலேயர் ஆட்சி. பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே, போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டியெழுப்பப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். தமிழர்கள் அங்கு போனது கரும்பு வெட்ட மட்டும்தான் என்ற எண்ணம் தமிழகத்தில் பரவலாக உண்டு. அது முழுமையான உண்மை அல்ல. ஒப்பந்தக் கூலிமுறை தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தமிழ்க் கைவினைஞர்களும் வணிகர்களும் தலைநகரில் தனிக் குடியிருப்பு அமைத்து வாழ்ந்தார்கள். ஐரோப்பியர் அதை ‘மலபார் முகாம்’ என்று அழைத்தார்கள்.

பெருங்கூட்டம் வந்தது 1834க்குப் பிறகு. அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளர்களுடன் போர்ட் லூயிசை அடைந்தது. அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்கள் வழியாக ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் வந்தார்கள். பீகாரிலிருந்து வந்த போஜ்புரி பேசும் மக்கள் இவர்களில் அதிகம். தமிழர், தெலுங்கர், மராத்தியர் அடுத்து வருவார்கள். குஜராத்திலிருந்து முஸ்லிம் வணிகர்களும், தென் சீனாவிலிருந்து மளிகைக் கடைக்காரர்களும் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். இன்று மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்துக்கள். நான்கில் ஒரு பங்கு கத்தோலிக்கர். ஆறில் ஒரு பங்கு முஸ்லிம்கள்.

இவர்களுடைய முன்னோருக்கு விடுமுறை எளிதில் கிடைத்ததல்ல. 1723இல் பிரெஞ்சு அரசு மொரீசியஸ் உள்ளிட்ட மஸ்கரீன் தீவுகளுக்கு விதித்த ‘கறுப்பர் சட்டம்’ ஞாயிற்றுக்கிழமையிலும் தேவாலயத் திருநாட்களிலும் அடிமைகளிடம் வேலை வாங்கக் கூடாது என்றது. ஆனால் அதே சட்டம் வெவ்வேறு எஜமானர்களின் அடிமைகள் ஒன்றுகூடுவதைத் தடை செய்தது. ஓய்வைக் கொடுத்துவிட்டுக் கூடிக் களிக்கும் உரிமையை மறுத்த சட்டம் அது. ஒப்பந்தக் கூலிகளின் காலத்தில் கரும்புத் தோட்டங்களில் வேறொரு கொடுமை நடந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் வழிவழியாகச் செய்துவந்த ஒரு பண்டிகையைக் கொண்டாட விரும்பிய தொழிலாளி அதற்கு இரண்டு நாள் உழைப்பை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் அவர்கள் கொண்டாடினார்கள். தோட்டத்து ஓரங்களில் கல் நட்டுக் காளிக்கும் மாரிக்கும் பூசை செய்தார்கள். காசு சேர்ந்ததும் கோயில் கட்டினார்கள். பேரப்பிள்ளைகள் அந்த நாளைச் சட்டப்படியான விடுமுறையாகப் பெற்றபோது முன்னோர் கொடுத்த விலை அதில் அடங்கியிருந்தது. மொரீசியஸ் மக்கள் ஒரு விடுமுறைக்காக ஏன் இவ்வளவு போராடுகிறார்கள் என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

1968 மார்ச் 12இல் நாடு விடுதலை பெற்றது. காந்தியடிகள் தண்டி யாத்திரை தொடங்கிய நாளைக் கருதியே அந்தத் தேதியைத் தேர்ந்தார்கள். 1992இல் குடியரசானதும் அதே நாளில். விடுதலைக்குப் பிந்தைய விடுமுறைப் பட்டியலில் ஒரு கணக்கு தெரியும். இந்துக்களுக்குள்ளேயே வட இந்திய வழியினருக்கு மகா சிவராத்திரி, தமிழருக்குத் தைப்பூசம், தெலுங்கருக்கு யுகாதி, மராத்தியருக்கு விநாயகர் சதுர்த்தி. முஸ்லிம்களுக்கு ரம்ஜான், சீனருக்கு வசந்த விழா. தீபாவளி எல்லோருக்கும் பொது. தமிழ் வருடப் பிறப்புக்கு விடுமுறை கிடையாது. ஹோலிக்கும் பக்ரீதுக்கும் புனித வெள்ளிக்கும்கூடக் கிடையாது. ஒவ்வொரு சமூகத்தின் ஒரு நாளையாவது அரசு ஏற்க வேண்டும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. அந்த நாளில் அந்தச் சமூகத்தவர் மட்டுமின்றி நாடு முழுவதும் வேலையை நிறுத்துகிறது என்பது அதைவிடப் பெரிய சிறப்பு. காவடி நாளில் சீனர் கடை அடைத்திருக்கும், வசந்த விழாவன்று தமிழ்ப் பிள்ளைக்குப் பள்ளி இல்லை. பிறர் திருநாளைத் தன் ஓய்வு நாளாகவும் பெற்றுப் பழகிய மக்கள் அந்தத் திருநாளை அந்நியமாக நினைப்பதில்லை.

இத்தகைய கணக்கு உரசலையும் கொண்டுவரும். மொரீசியஸ் ரூபாய்த் தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழும் அதன்பின் இந்தியும் அச்சாவது வழக்கம். 1998இல் வெளிவந்த புதிய தாள்களில் இந்தி முன்னேயும் தமிழ் பின்னேயும் இடம் மாறியிருந்தன. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசைப்படி அச்சிட்டு வெளியிட நேர்ந்தது. மக்கள்தொகையில் இருபதில் ஒரு பங்கு அளவே உள்ள ஒரு சமூகம் தன் எழுத்துக்கு உரிய இடத்தை மீட்டது. அந்தச் சமூகத்தின் வீட்டு மொழி பெரும்பாலும் தீவின் பொதுமொழியான கிரியோல்தான் என்பதை நினைத்தால் அந்த எழுத்தின்மேல் உள்ள பற்று இன்னும் ஆழமாகத் தெரியும்.

அந்தப் பற்று முழுவதும் வெளிப்படுகிற நாள் தைப்பூசம். ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரி முற்பாதியிலோ அது வரும். பத்து நாள் முன்பே முருகன் கோயில்களில் கொடி ஏறிவிடும். அன்று முதல் விரதம். மீன், இறைச்சி, மது எதுவும் வீட்டில் நுழையாது. மாலைதோறும் கோயிலில் பூசையும் பாட்டும் நடக்கும். தமிழ் எழுதப் படிக்க வராதவர்களுக்காகப் பக்திப் பாடல்களை ரோமன் எழுத்தில் அச்சடித்து வைத்திருப்பார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு இளைஞர்கள் பிழையின்றிப் பாடுவதைக் கேட்கலாம். போர்ட் லூயிசில் மக்கள் ‘கைலாசம்’ என்று அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலும், காத்ர் போர்ன் நகரை ஒட்டிய கோர் தெ கார்து மலைச் சரிவில் உள்ள முருகன் கோயிலும் இந்த விழாவுக்குப் பெயர் பெற்றவை.

காவடி எடுக்கும் நாள் காலையில் பக்தர்கள் ஆற்றங்கரையில் கூடுகிறார்கள். காவடிகள் அங்கே அணிவகுத்து நிற்கும். மரத்தாலும் மூங்கிலாலும் வளைத்த சட்டத்தைப் பச்சை ஓலையும் பூவும் கொண்டு மூடியிருப்பார்கள். இருபுறமும் பால் நிறைந்த பித்தளைச் செம்புகள் தொங்கும். குளித்து, திருநீறு பூசி, நாக்கிலும் கன்னத்திலும் சிறு வேல் குத்திக்கொள்கிறார்கள். மார்பிலும் முதுகிலும் ஊசி வரிசை, சிலருக்கு அதில் எலுமிச்சம்பழங்கள். பெண்கள் பால்குடம் ஏந்தி வருவார்கள். பழனிக்குப் போகிறவர்கள் காவியும் பச்சையும் உடுத்தினால் மொரீசியஸ் காவடிக்கு உரிய நிறம் ரோஜா நிறம். தெரு முழுவதும் அந்த ஒரே நிறமாகிவிடும். கோடை வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும். வழியில் குடியிருப்போர் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிச் சாலையைக் குளிரச் செய்கிறார்கள். கோயிலை அடைந்து செம்பைத் திறக்கும்போது பால் திரியாமல் இருக்க வேண்டும். இத்தனை மணி நேர வெயிலுக்குப் பின்னும் பால் கெடாதிருப்பது விரதத்தின் தூய்மைக்குச் சான்று என்பது நம்பிக்கை. அந்தப் பாலே முருகனுக்கு அபிஷேகம்.

காவடி எடுப்போரில் தமிழர் அல்லாதவர்களும் உண்டு. நேர்ந்துகொண்ட, ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் கத்தோலிக்கரும் சீன வழியினரும் அதே விரதமிருந்து அதே வேலைக் குத்திக்கொண்டு நடக்கிறார்கள். விழா முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறி விருந்து. பலாக்காய், வாழைக்காய், பரங்கிக்காய், கீரை, பருப்பு என்று வரிசையாக வரும். கடைசியில் ரசம், அதை அங்கே ‘ரசோன்’ என்பார்கள். யார் வந்தாலும் இலை உண்டு. கறிவேப்பிலை ‘காரிப்பூலே’ என்றும், கொத்தமல்லி ‘கொத்தோமிலி’ என்றும், முருங்கைக்கீரை ‘ப்ரெத் முரூம்’ என்றும் தீவின் எல்லா வீட்டுச் சமையலறைகளிலும் வழங்குகின்றன.

கூட்டத்தின் அளவில் மகா சிவராத்திரிக்கு ஈடு வேறில்லை. தீவின் தெற்கு மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் கிராண்ட் பஸ்ஸான் என்ற ஏரி இருக்கிறது. எரிமலை வாயில் தண்ணீர் தேங்கி உண்டானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கே திரியோலே ஊரைச் சேர்ந்த ஒரு பூசாரி, கங்கையின் நீர் இந்த ஏரியில் சுரப்பதாகக் கனவு கண்டு, சிலரைக் கூட்டிக்கொண்டு காடு வழியாக நடந்து ஏரியைக் கண்டடைந்தார் என்பது வரலாறு. 1972இல் கங்கை நீரை இந்தியாவிலிருந்து கொண்டுவந்து ஏரியில் கலந்தார்கள். அதிலிருந்து அது கங்கா தலாவ். 2007இல் கரையில் எழுந்த சிவன் சிலை 33 மீட்டர் உயரம்.

திருவிழாவுக்குச் சில நாட்கள் முன்பே தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் வெள்ளை உடையணிந்த மக்கள் நடக்கத் தொடங்குகிறார்கள். மூங்கில் சட்டத்தில் வண்ணக் காகிதமும் கண்ணாடியும் மணியும் கட்டிய ‘கன்வர்’ தோளில் இருக்கும். வழிநெடுக மற்ற சமயத்தார் உட்பட வீட்டுக்காரர்கள் பழச்சாறும் தேநீரும் உணவும் இலவசமாகத் தருகிறார்கள். ஏரிநீரை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிச் சிவராத்திரி இரவில் லிங்கத்துக்கு ஊற்றுவார்கள். அண்மை ஆண்டுகளில் கன்வர்கள் வண்டியில் வைத்து இழுக்கும் அளவுக்குப் பெருத்துவிட்டன. 2024இல் ஒரு கன்வர் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போயின. தோளில் சுமக்கும் அளவே அந்த வழிபாட்டுக்கு ஏற்றது.

இனி, சமயத்தோடு தொடர்பில்லாத இரு நாட்கள். பிப்ரவரி 1 அடிமைமுறை ஒழிந்த நாள். நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வந்த நாள். இவ்விரண்டும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அரசு விடுமுறைகளாயின. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் கூலிகள் இறங்கிய இடம் ஆப்ரவாசி காட். 1849இல் கட்டத் தொடங்கிய அந்தக் குடியேற்றக் கிடங்கில் எஞ்சியிருப்பவை சில சுவர்களும் 16 கற்படிகளும். கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரும் அந்தப் படிகளில் ஏறித்தான் பெயரைப் பதிந்தார்கள். அங்கே எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய தந்தையின் பெயரோ தன் பெயரோ குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. இன்றைய மொரீசியசில் முத்துசாமி, வீராசாமி, அப்பாசாமி எல்லாம் குடும்பப் பெயர்கள். 2006இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக்கியது.

தென்மேற்கு முனையில் கடலை ஒட்டி 556 மீட்டர் உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் லெ மோர்ன் பாறைமலை அடிமைகளின் நினைவிடம். தப்பியோடியவர்கள் அதன் குகைகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலைச் செய்தியைச் சொல்ல வீரர்கள் மலையேறியபோது, தங்களைப் பிடிக்க வருவதாக அஞ்சி அவர்கள் உச்சியிலிருந்து குதித்து மாண்டார்கள் என்று மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அறிவித்த விடுதலையும் முழுமையானதல்ல. ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் 1839 வரை அடிமைகளைப் பழைய எஜமானர்களிடமே கட்டிவைத்தார்கள். இழப்பீடாக இருபது லட்சம் பவுனுக்கு மேல் எஜமானர்களுக்குப் போயிற்று. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. 2008இல் லெ மோர்னும் உலக மரபுச் சின்னமானது. ஆண்டுதோறும் பிப்ரவரி 1 அன்று மலையடிவாரத்தில் மலர் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அடிமைகளாக வந்த மக்களின் பெருஞ்செல்வம் செகா என்ற பாட்டும் ஆட்டமும். ஆட்டுத்தோல் போர்த்த அகன்ற வட்டமான ரவான் பறை அதன் உயிர். வாசிக்கும் முன் சருகுத் தீ மூட்டித் தோலை வாட்டி இறுக்குவார்கள். விரலால் தட்டிப் பார்த்து, ஒலி தெளியும்வரை மீண்டும் தீயில் காட்டுவார்கள். தமிழ்நாட்டுப் பறைக் கலைஞர்கள் செய்வதும் இதுவே. கூடவே விதைகள் போட்ட தட்டைப் பெட்டியான மரவான், இரும்பு முக்கோணம். ஆடுவோர் பாதத்தைத் தரையைவிட்டு எடுக்காமல் இழுத்து இழுத்து ஆடுவார்கள். தோட்ட முதலாளிகளும் திருச்சபையும் நெடுங்காலம் இழிவென்று ஒதுக்கிய கலை இது. 1964இல் லெ மோர்ன் அடிவாரத்தில் நடந்த செகா இரவில் தி ஃப்ரேர் என்ற முதிய பாடகருக்குச் ‘செகா மன்னர்’ என்று முடிசூட்டியபோது காலம் மாறத் தொடங்கியது. 2014இல் யுனெஸ்கோ செகாவையும், 2016இல் போஜ்புரிப் பெண்களின் கல்யாணப் பாட்டான கீத் கவாயையும் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஓட்டல்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடும் செகாவில் வண்ணப் பாவாடை உண்டு. தீயில் வாட்டிய ரவான் பெரும்பாலும் இல்லை.

மற்ற திருநாட்களை உணவால் அடையாளம் காணலாம். ரம்ஜானுக்குப் பெரிய செப்புத் தேக்சாவில் பிரியாணி. தீபாவளிக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்த ‘காத்தோ பத்தாத்’. வசந்த விழாவுக்கு அரிசி மாவில் செய்த, மெழுகுபோல வழவழக்கும் ‘காத்தோ லா சீர்’. எந்த வீட்டில் செய்தாலும் அண்டை வீடுகளுக்குத் தட்டு போகும். சிவப்பு உடுத்தாமல் வசந்த விழாவில்லை, பட்டாசில்லாமல் ஆண்டு முடிவதுமில்லை.

கிறிஸ்துமசும் புத்தாண்டும் அங்கே நடுக்கோடை. மயிற்கொன்றை சிவந்து பூத்திருக்கும். லிச்சியும் மாம்பழமும் சந்தையில் குவியும். ஜனவரி முதல் வாரத்தில் குடும்பங்கள் சேர்ந்து பேருந்து வாடகைக்கு எடுத்து, சோற்றுப் பானையும் ரவானுமாகக் கடற்கரைக்குப் போகின்றன. ஃப்ளிக் ஆங் ஃப்ளாக், மோன் ஷுவாசி, பெல் மார் கரைகளில் சவுக்கு மர நிழலில் பாய் விரிப்பார்கள். கரையோர நிலம் அரசுக்குரியது என்ற பழைய சட்டம் பிரெஞ்சுக் காலத்திலிருந்து தொடர்கிறது. ஆனால் ஓட்டல்களுக்குத் தொடர்ந்து குத்தகை விடுவதால் பொதுக் கடற்கரைகள் சுருங்கிவருகின்றன. உள்ளூர்க் குடும்பம் சோறு பிரித்துண்ண இடமில்லாத கடற்கரை எத்தனை அழகாக இருந்தும் பயனில்லை.

விடுமுறைப் பட்டியலில் இடம்பெறாத ஒரு பெருநாளும் உண்டு. பிரெஞ்சுப் பாதிரியார் ழாக்-தெசிரே லவால் 1841இல் வந்து, விடுதலை பெற்ற அடிமைகளிடையே அவர்கள் மொழியிலேயே பணியாற்றி, 1864 செப்டம்பர் 9இல் இறந்தார். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 8 இரவு, போர்ட் லூயிசை அடுத்த சேன்த் குருவாவில் உள்ள அவர் கல்லறைக்குத் தீவெங்கும் இருந்து மக்கள் நடந்து வருகிறார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்பார்கள். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

இத்தனை ஒற்றுமைக்கு நடுவே புண்களும் இருக்கின்றன. செகாவோடு ரெகேயைக் கலந்து ‘செகே’ இசையைப் படைத்த பாடகர் காயா 1999 பிப்ரவரியில் காவல்துறைப் பிடியில் இறந்தபோது நாடு பல நாட்கள் கலவரத்தில் எரிந்தது. கிரியோல் மக்களின் வறுமையும் புறக்கணிப்பும் அன்று வெளியே வந்தன. நாட்டில் ஏறத்தாழ எல்லோரும் பேசும் கிரியோல் மொழி 2012இல்தான் தொடக்கப் பள்ளியில் விருப்பப் பாடமானது. ஒரு சமூகத்துக்குத் திருநாளை அளிப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது.

தமிழகத்திலிருந்து மொரீசியஸ் செல்வோர் பெரும்பாலும் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தைப்பூசமும் பிப்ரவரி 1ஆம் தேதியும் பல ஆண்டுகளில் அடுத்தடுத்து வருகின்றன. ஒரே பயணத்தில் காவடியையும் லெ மோர்ன் அஞ்சலியையும் காணலாம். அது புயல் பருவம் என்பதால் வானிலை அறிவிப்பைக் கேட்டுக்கொள்வது அவசியம். காவடி ஊர்வலத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேர்ந்து நடக்கலாம். ஏழு கறிப் பந்திக்கு அழைத்தால் மறுக்காமல் உட்கார வேண்டும்.